சிவப்புக் கீற்று

இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட்டுவிடுவார்கள். கேனில் டீ தீர வேண்டும், பேக்கரி இன்னாசிக்குத் தொண்டை கட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு செக்ரட்டரி செல்லதுரை வாட்சைப் பார்த்துவிட்டு, "பேசினது போதும்ப்பா. பெருமாளண்ணே, புக்கைப் படிங்க" என்பார். முப்பத்தோரு வருஷமாக இந்த மைதானத்தில் எந்தப் பஞ்சாயத்தும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் போய் முடியும். கலியபெருமாள் ஸ்கோர் புத்தகத்தை மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விட்டால் அது தானாகத் திறந்து பேசிவிடும் என்கிற மாதிரி. பேசினால்தான் தேவலையே, அவர் பாடு மிச்சம். பொன்மலை ரயில்வே காலனி மைதானத்தின் தென்கோடியில், தண்டவாளத்திலிருந்து கழற்றிய பழைய கட்டைகளை அடுக்கிப் போட்டிருக்கும் இடத்தில், ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு கட்டையில் குந்தியிருந்தார்கள். பெருமாளுக்கு மட்டும் முழங்கால் காரணமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெயில் இறங்கிவிட்டது, கட்டைகளின் சூடு இறங்கவில்லை, பகலெல்லாம் குடித்த வெயிலோடு தார் வாசனையையும் சேர்த்துக் கக்கிக்கொண்டிருந்தன. காமெட்ஸ் டீம் தோற்று முக்கால் மணி நேரம் ஆகிறது. இந்த சீசனில் ஐந்து ஆட்டம், நாலு தோல்வி. இன்னும் இரண்டு தோற்றால் மூன்றாவது டிவிஷனிலிருந்து நாலாவதுக்கு இறக்கிவிடுவார்கள், அங்கே விளையாடுவதற்கு வீட்டில் படுத்துத் தூங்கலாம் என்பது இன்னாசியின் கட்சி. அந்தக் கட்சிக்காரன் ஒருநாளும் மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு டிரே தேங்காய் பன்னோடு வந்துவிடுவான், பன் கொண்டுவருகிறவனுக்குப் பேச்சுரிமை உண்டு.

"இருநூத்திப் பதினெட்டு அடிச்சிருக்கோம்யா. இருநூத்திப் பதினெட்டு! அதைக் காப்பாத்தத் துப்பில்லன்னா என்ன பவுலிங்கு அது? கல்யாண வீட்ல பந்தி பரிமாறுற மாதிரி வாரி வாரி விடுறானுங்க" என்று இன்னாசி எழுந்து நின்று கத்தினான். ரிட்டயர்டு ரயில் கார்டு பிச்சைமணி, எழுபதைத் தாண்டியவர், எவன் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவதையே உடம்புக்கு மருந்தாக வைத்திருப்பவர், "உக்காருடா. ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒருத்தன் வந்து குதிச்சா எல்லாம் சரியாப் போயிடுமா? அவன் வேகமாப் போடுவான், இவனுங்க வேகமாத் தோப்பானுங்க" என்றார். விஷயம் இதுதான். ஸ்ரீரங்கத்து டீமில் வினோத் என்று ஒரு வேகப் பந்துவீச்சாளன் இருக்கிறான். அவர்களுக்கு இடது கையால் போடுகிற ஆள் ஒருவன் தேவை. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த செக்ரட்டரி இந்த செக்ரட்டரிக்குப் போன் செய்திருக்கிறார். இங்கே இடது கையால் போடுகிறவன் ஹக்கீம் ஒருவன்தான். செல்லதுரை ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அது செவ்வாய்க்கிழமைக்குள் மாவட்டச் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஹக்கீம் அந்தப் பக்கம், வினோத் இந்தப் பக்கம். சந்தையில் மாடு மாற்றுகிறவர்களாவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இவர்கள் புத்தகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் புத்தகம் இவர் மடியில் இருக்கிறது. ஹக்கீமோ அதோ, மைதானத்து நடுவில் குனிந்து மேட்டைச் சுருட்டிக்கொண்டிருக்கிறான், தென்னை நார்ப் பாயைச் சுருட்டுகிற அந்தச் சரசரப்பு இங்கே வரை கேட்கிறது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்த ஆள்தான் முதுகைக் காட்டிக்கொண்டு இவ்வளவு நேரம் ஒரு பாயைச் சுருட்டுவான்.

ஹக்கீம், நாற்பத்தோரு ஓவர், மூணு விக்கெட், நூற்றித் தொண்ணூற்றாறு ரன். புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடுவார். இன்றைக்கு மட்டும் பத்து ஓவர், ஒரு மெய்டன், ஐம்பத்திரண்டு, விக்கெட் இல்லை. இதைச் சொன்னால் முடிந்தது கதை. சொல்லிவிட்டு 'ஆனா' என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனா. மூன்றெழுத்துக்கூட இல்லை. அரைமணி நேரமாக அதை நாக்கின் அடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறார், கல்கண்டு மாதிரி கரையவும் மாட்டேன் என்கிறது, வெளியே வரவும் மாட்டேன் என்கிறது. ஸ்கோரர் வாயில் 'ஆனா' வரக் கூடாது. அதுதான் சட்டம், காமெட்ஸை ஆரம்பித்த பெரியவர்கள் போட்டது: ஸ்கோரர் வாயிலே நம்பர் மட்டும்தான் வரணும், அபிப்பிராயம் வரப்படாது. எவ்வளவு நல்ல சட்டம். அதன் நிழலில் எவ்வளவு சுகமாக உட்கார்ந்திருந்தார்! வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், வாயை மூடிப் பிழைத்த பிள்ளை அவர். யாருக்கும் பகையில்லை, எல்லாருக்கும் பெருமாளண்ணன், தீபாவளிக்கு நாலு வீட்டிலிருந்து பலகாரம் வரும். டீ ஆறிவிட்டது. ஆடை உதட்டில் ஒட்டியது. துடைத்துக்கொண்டு டம்ளரைக் கீழே வைத்தபோது கால் பக்கத்தில் தகர டப்பா தட்டுப்பட்டது. பேனாக்கள், ஒரு ரப்பர், பாதி பிளேடு, அந்தப் பென்சில். அது அங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்போதும் தெரியும். பல் வலிக்கிற பக்கம் நாக்கு போகிற மாதிரி அவர் கை அந்த டப்பா பக்கம் போய்விட்டுத் திரும்பி வரும்.

ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம், தச்சுக்காரர்கள் பலகையில் கோடு போடுகிற தடிப் பென்சில். சவரிராயன் கொடுத்தது. சவரிக்கு அப்போது முப்பத்து மூன்று இருக்கும், மரக்கடை ஒன்றில் வேலை, காதில் பென்சில் செருகிக்கொண்டே மைதானத்துக்கு வந்துவிடுவான். பந்து போடுவதற்கு முன்னால்தான் எடுத்து அம்பயரிடம் கொடுப்பான், அம்பயருக்குச் சிரிப்பு வரும். அவன் போட்ட பந்து வேகமெல்லாம் ஒன்றும் இல்லை, கடைசி நேரத்தில் ஒரு விரற்கடை வெளியே நகரும். அடிக்கிறவன் மட்டை ஓரத்தைத் தொட்டுவிட்டு ஸ்லிப் பக்கம் போகும். ஸ்லிப்பில் யார்? தனபால். பெருமாளின் கூடப்பிறந்த தம்பி, கேப்டன். பந்து தனபாலின் கையில் விழும், விழுந்து தரையில் விழும். ஒருநாள் ஆட்டம் முடிந்து சவரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தான். "பெருமாளு, ரன் எடுக்காத பந்துக்குப் புள்ளி வைக்கிற. வைடுக்கு ஒண்ணு, நோபாலுக்கு ஒண்ணு. கேட்ச் விட்டா அதுக்கு என்னப்பா வைப்ப?" என்றான். அதுக்கு ஒன்றும் இல்லை, அடிச்சவன் ஓடலைன்னா வெறும் புள்ளிதான் என்றார் இவர். "அப்ப நான் நல்லாப் போட்ட பந்தும் சும்மா போட்ட பந்தும் ஒண்ணுதானா?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரி கேட்டான். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து, "அந்தப் புள்ளிக்கு அடியில சின்னதா ஒரு சிவப்பு போட்டு வையி. யாருக்கும் சொல்ல வேணாம். நமக்குத் தெரிஞ்சா போதும்" என்றான். அன்றிலிருந்து போட்டார். அரிசி நீளத்துக்கு ஒரு சிவப்புக் கீற்று. ஆட்டம் முடிந்ததும் சவரி வருவான், விக்கெட் எத்தனை என்று கேட்க மாட்டான், "எத்தனை சிவப்பு?" என்பான். ரெண்டு என்றால் ரெண்டு விரலைக் காட்டி, மூணு என்றால் மூணு விரலைக் காட்டி, சிரித்துக்கொண்டே போவான். உலகத்தில் ஒரு ஆளுக்காவது நடந்தது தெரியும் என்பது அவனுக்குப் போதுமாக இருந்தது. அந்த ஒரு ஆள் இவர்.

அந்த ஒரு ஆள் என்ன செய்தார்? "ஹக்கீமுக்குக் கை போயிடுச்சுய்யா, லோடு ஆட்டோ ஓட்டி ஓட்டித் தோள் போயிடுச்சு" என்று இப்போது இன்னாசி சொல்கிற மாதிரியே அன்றைக்கும் ஒருத்தன் சொன்னான், இழைப்புளி தள்ளித் தள்ளி சவரிக்குத் தோள் போய்விட்டது என்று. எல்லாக் காலத்திலும் எவனுக்காவது தோள் போய்க்கொண்டேதான் இருக்கும். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இதே கட்டைகள், இதே மாதிரி ஆடி மாதம், காற்று வேறு புழுதியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த வருஷம் சவரி அறுபத்திரண்டு ஓவர், நாலு விக்கெட். சவரியைக் கொடுத்துவிட்டு உறையூரிலிருந்து ஒருவனை எடுக்கலாம் என்று பேச்சு. அப்போதைய செக்ரட்டரி, செல்லதுரையின் மாமனார், "பெருமாளு, புக்கைப் படி" என்றார். படித்தார். அறுபத்திரண்டு ஓவர், நாலு விக்கெட். அந்தப் பக்கங்களில் பதினொரு சிவப்பு இருந்தது. பதினொன்றில் ஏழு தனபால் விட்டது. தனபாலுக்கு அந்த மாதம்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு நேர்காணல். கேப்டன் என்று சர்டிபிகேட் போயிருந்தது. அவனைத் தேர்ந்தெடுக்கிற ஆட்களில் ஒருவர் அன்றைக்குக் கட்டையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பா இல்லாத வீடு, இரண்டு தங்கைகள். இதையெல்லாம் இத்தனை வருஷமாக ஒரு நியாயம் மாதிரி மனசுக்குள் அடுக்கி வைத்திருக்கிறார், அதுவும் நியாயம்தான், இல்லையென்று யார் சொன்னது, ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்கும்போது இதில் ஒன்றுகூட நினைவில் இல்லை என்பதுதான் உண்மை. பயம் ஒன்றுதான் இருந்தது. தம்பி முகத்தைப் பார்க்க வேண்டி வருமே என்ற பயம், அத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம். சவரி பின்னால் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றிருந்தான். படித்து முடித்த பிறகு ஒரு கணம் இடைவெளி விட்டார், இல்லை, விட்டது மாதிரி இப்போது நினைத்துக்கொள்கிறாரோ என்னவோ. சவரி ஒரு எட்டு முன்னால் வந்தான். அது மட்டும் நிச்சயம். அந்த ஒரு எட்டு. இப்போது சொல்லிவிடுவான் பெருமாள் என்று நம்பி எடுத்து வைத்த எட்டு. இவர் புத்தகத்தை மூடினார்.

உறையூர் டீமில் சவரியை மூன்று ஆட்டம் எடுத்தார்கள், பிறகு உட்கார வைத்தார்கள், பிறகு அவன் போகவில்லை. அதற்குப் பின் அவன் பந்தைத் தொடவில்லை என்று கேள்வி. திட்டியிருந்தால் தேவலை. சட்டையைப் பிடித்து நாலு பேர் நடுவில் கேட்டிருந்தால் எப்போதோ இது முடிந்து போயிருக்கும். ரேஷன் கடையில் பார்க்கிறபோது, "என்ன பெருமாளு, சௌக்கியமா? முழங்காலுக்கு எண்ணெய் போடுறியா?" என்று கேட்கிறான். அந்தக் கேள்விதான் தாங்க முடிவதில்லை. இப்போது அவனுக்குச் சொந்தமாக மர வேலைக் கடை இருக்கிறது, மைதானத்திலிருந்து பெருமாள் வீட்டுக்குப் போகிற நேர்வழியில், சர்ச்சுக்குப் பின்னால் சந்தில். அதனால் இவர் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார், அரை கிலோமீட்டர் அதிகம். மனைவி கேட்டால் நடந்தால் முழங்காலுக்கு நல்லது என்பார். தனபாலுக்கு வேலை கிடைத்தது, ஹூப்ளியில் இருக்கிறான், தொப்பை வைத்துவிட்டது. போன வருஷம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது எப்படியோ வாய் தவறி, "சவரியை நேத்துப் பார்த்தேன்டா" என்று சொல்லிவிட்டார். "எந்தச் சவரிண்ணே?" என்றான். நடிக்கவில்லை. நிஜமாகவே நினைவில்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை பெருமாளுக்கு. யாருக்காக ஒருத்தனை விற்றாரோ அவனுக்கு விற்ற ஆளின் பெயர்கூட ஞாபகம் இல்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பந்து போடுறவனைச் சொல்றீங்களே, நிக்கிறவனுங்களைப் பத்தி யாராவது பேசுறீங்களா?" என்று பிச்சைமணி யதேச்சையாகச் சொன்னபோது பெருமாளுக்குத் திக்கென்றது. நெஞ்சுக்குள் எதுவோ எழுந்து உட்கார்ந்தது. சொல்லுங்க மாமா, இன்னும் சொல்லுங்க, நீங்களே சொல்லிவிட்டால் நான் தலையை ஆட்டினால் போதும். பிச்சைமணி சொல்லவில்லை. அவருக்குக் கண் மங்கல், ஸ்லிப் வரை தெரியாது, மறுக்க வேண்டுமே என்று மறுத்தவர் பன்னைக் கடிக்கப் போய்விட்டார். கண் தெரிகிறவர் இவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் ஆட்டம் பார்க்கிறார்கள் என்று பெயர், அரட்டைக்கு நடுவே ஆரவாரம் கேட்டால் திரும்புவார்கள், கேட்ச் விட்டால் ஐயோ என்று ஒரு சத்தம், அடுத்த பந்தில் அதை மறந்து போவார்கள். மறக்காமல் பார்க்கத்தான் ஸ்கோரர் என்று ஒருவனை உட்கார வைத்திருக்கிறது. இன்றைக்கு ஏழாவது ஓவரில் ஒன்று, ஸ்லிப்பில். கேப்டன் பிரசன்னா, வயிற்றுக்கு நேராக வந்தது. பதினெட்டாவது ஓவரில் மறுபடியும் அவனே. இருபத்து மூன்றில் மிட் ஆனில் ஒன்று. அந்த முதல் கேட்சில் தப்பிய பேட்ஸ்மேன்தான் கடைசி வரை நின்று எழுபத்தாறு அடித்துத் தோற்கடித்தான். போன வாரம் ரெண்டு. அதற்கு முன் ஒன்று, அரியமங்கலத்துக்காரர்களோடு ஆடியபோது ஒன்று. ஏழு. ஹக்கீமுக்குத் தோளும் போகவில்லை கையும் போகவில்லை. காந்தி மார்க்கெட்டில் விடிகாலை லோடு இறக்கிவிட்டு, சட்டையில் வெங்காயச் சருகோடு வந்து, பத்து ஓவர் ஒரே அளவில் போடுகிற பையன். இருபத்தேழு வயது. ஸ்ரீரங்கத்தில் ஏற்கெனவே நாலு பேர் பந்து போட இருக்கிறார்கள், இவனைக் கொண்டுபோய் வெளியே உட்காரத்தான் வைப்பார்கள், உட்கார்ந்த இடத்தில் இரண்டு வருஷம் போய்விட்டால் அப்புறம் எவன் கூப்பிடுவான். மூன்று ஆட்டம். சவரிக்கு மூன்று ஆட்டம். சொல்லிவிடலாம். இந்தத் தடவை தம்பி இல்லை, தங்கை இல்லை, வேலை இல்லை, பென்ஷன் வருகிறது, யாருக்குப் பயப்பட வேண்டும். ஆனா என்று ஆரம்பித்து ஏழு என்று முடிக்க வேண்டும். நம்பர்தானே அது. ஏழு என்பது அபிப்பிராயமா? நம்பர்தான்.

"சரி, பேசினது போதும்ப்பா" என்றார் செல்லதுரை. வாட்சைப் பார்த்தார். "பெருமாளண்ணே, புக்கைப் படிங்க." எல்லா முகமும் திரும்பியது. அட்டையைத் திறந்தார். "ஹக்கீம். நாப்பத்தோரு ஓவர். மூணு மெய்டன். நூத்தித் தொண்ணூத்தாறு ரன்னு. மூணு விக்கெட்டு" என்றார். இன்னாசி கையைத் தட்டி, "கேட்டீங்களா? பதினாலு ஓவருக்கு ஒரு விக்கெட்டு!" என்றான். பெருமாள் புத்தகத்தை மூடவில்லை. "ஆனா" என்றார். சத்தம் வெளியே வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்கே தெரிந்தது. "ஆனா, அவன் பந்துல ஏழு கேட்ச் விட்டிருக்கு. இன்னிக்கு மட்டும் மூணு." பிரசன்னா ஒரு கட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து, ஷூவின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டுவது நிற்கவில்லை, வேகம் மட்டும் கூடியது. இன்னாசிதான் முதலில் சிரித்தான். "என்னண்ணே, நீங்களும் கட்சி கட்ட ஆரம்பிச்சிட்டீங்க? அன்னிக்கு நம்ம டீமுக்கு ஒரு ரன்னு சேத்துப் போடுங்கன்னு கெஞ்சினதுக்கு, புக்குல இல்லாதது நடக்காததுன்னு சொன்னது நீங்கதானே?" சொன்னார்தான். பெருமையாகச் சொன்னார். செல்லதுரை மட்டும் கேலி செய்யவில்லை, மரியாதையாகக் கேட்டார், அதுதான் இன்னும் மோசம். "ஏழுன்னு புக்குல இருக்காண்ணே? இருந்தா காட்டுங்க. இருந்தா நான் கடிதாசி எழுதல."

குனிந்து பார்த்தார். இல்லாததைப் பார்த்தார். ஹக்கீமின் வரிசையில் கறுப்பு மையில் புள்ளி, புள்ளி, நாலு, புள்ளி, ஒன்று, புள்ளி. எவ்வளவு சுத்தமான பக்கம், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, மாவட்டச் சங்கத்தில் இதைக் காட்டித்தான் மற்ற ஸ்கோரர்களுக்குப் பாடம் எடுப்பார்களாம். சவரி போனதற்கு அடுத்த ஞாயிறு முதல் கேட்சைத் தவறவிட்டபோது கை டப்பாவுக்குப் போனது. பென்சில் முனை மழுங்கியிருக்கிறது, அடுத்த வாரம் சீவிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டார். அடுத்த வாரமும் சீவவில்லை. அதற்கடுத்த வாரம் கை அந்தப் பக்கம் போகவேயில்லை. நிம்மதியாக இருந்தது. சிவப்பு போட்டால்தானே ஒருநாள் படிக்க வேண்டி வரும். போடாவிட்டால் படிக்காமல் விட்ட குற்றமும் கிடையாது, புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் உண்மை. இருபத்திரண்டு வருஷம். அதில் பந்து போடுகிறவர்கள் எத்தனை பேர் வந்து போனார்கள், ஒருத்தனுக்கும் ஒரு கீற்றுகூட இல்லை. செய்த தப்பைத் திரும்பச் செய்யாமலிருக்க வழி தேடியிருக்க வேண்டியவர், மாட்டிக்கொள்ளாமலிருக்க வழி தேடியிருக்கிறார். அன்றைக்குக் கையில் பதினொரு சிவப்பு இருந்தது, வாய் இல்லை. இன்றைக்கு வாய் வந்துவிட்டது, சிவப்பு இல்லை. "இல்லப்பா" என்றார். "புக்குல இல்ல." பிரசன்னா குச்சியைக் கீழே போட்டான். செல்லதுரை, "அப்ப நான் என்னண்ணே பண்ண முடியும்?" என்றார். ஒன்றும் பண்ண முடியாதுதான். கை தூக்கச் சொன்னார். பிச்சைமணி ஒருத்தர்தான் வேண்டாம் என்றார், அது வழக்கமாகச் சொல்கிற வேண்டாம்.

கட்டைகள் காலியாகின. இன்னாசி டிரேயைத் தலைகீழாகத் தட்டித் துணுக்குகளைக் காக்கைக்குப் போட்டுவிட்டு டிவிஎஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போனான். பெருமாள் எழுந்திருக்கவில்லை. டப்பாவைத் திறந்தார். பாதி பிளேடை எடுத்தார், பென்சிலின் சிவப்பு முனையைச் சீவினார். மரம் காய்ந்து போய்ச் சுலபமாகச் சீவ வந்தது, சிவப்புத் தூள் வேட்டியில் விழுந்தது. ஏழாவது ஓவர், மூன்றாவது பந்து. புள்ளிக்கு அடியில் ஒரு கீற்று. பதினெட்டு, ஐந்தாவது பந்து. இருபத்து மூன்று, முதல் பந்து. பக்கத்தைப் பின்னால் புரட்டினார், போன வாரம் ரெண்டு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று இன்னாசி பார்த்தால் சொல்வான், சொல்லட்டும். ஏழையும் போட்டு முடித்துத் தலை நிமிர்ந்தபோது எதிரே ஹக்கீம் நின்றிருந்தான், முட்டியெல்லாம் பாயின் நாரும் மண்ணுமாக. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நின்று, "இன்னிக்கு எவ்வளவுண்ணே?" என்று கேட்டுவிட்டு, சொன்னதைக் கேட்டு, "சரிண்ணே" என்று போவது அவன் பழக்கம். இன்றைக்குக் கேட்கவில்லை. புத்தகத்தைப் பார்த்து, "அது என்னண்ணே சிவப்பா?" என்றான்.

"கேட்ச் விட்டது."

ஹக்கீம் குனிந்து, மண் விரல் பக்கத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றிலேயே எண்ணினான். பக்கத்தைப் புரட்டச் சொல்லி மறுபடியும் எண்ணினான். "ஏழாண்ணே? எனக்கு அஞ்சுதான் ஞாபகம் இருந்துச்சு" என்றான். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததைப் பெருமாள் பார்த்தார், சின்னச் சந்தோஷம், சவரி ரெண்டு விரலைக் காட்டிச் சிரித்துப் போவானே அந்தச் சந்தோஷம், அதைப் பார்க்க முடியாமல் கீழே குனிந்துகொண்டார். தம்பி, நான் உனக்கு ஒரு பெரிய துரோகம் பண்ணிட்டேன்டா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. "மன்னிச்சுக்கப்பா" என்று மட்டும் வந்தது. ஹக்கீம் அதை எதற்கென்று எடுத்துக்கொண்டானோ, "நீங்க என்னண்ணே பண்ணுவீங்க, புக்குல உள்ளதைத்தானே படிக்க முடியும்" என்றான். கிட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலடி போனவன் திரும்பி, "அண்ணே, ஸ்ரீரங்கத்துல ஸ்கோரர் யாருண்ணே? உங்களை மாதிரி நேர்மையா எழுதுவாரா?" என்று கேட்டான்.

பெருமாள் பென்சிலை நீட்டினார். "அவர்கிட்ட இதைக் குடு. கேட்ச் விட்டா, விட்ட அன்னிக்கே அந்தப் பந்துக்கு அடியில ஒரு சிவப்பு போடச் சொல்லு. அன்னிக்கே போடணும். அப்புறம் போட்டா செல்லாது." ஸ்கோரருக்கே பென்சில் கொண்டுபோற பவுலரு நான்தாண்ணே என்று சிரித்தபடி ஹக்கீம் அதை வாங்கினான், பையில் போட இடமில்லாமல் காதில் செருகிக்கொண்டான். லோடு ஆட்டோ கிளம்பி, மைதானத்து வாசலில் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு மார்க்கெட் பக்கம் திரும்பியது. பெருமாள் புத்தகத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். சர்ச்சுக்குப் பக்கத்தில் வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்றார். சந்துக்குள்ளிருந்து இழைப்புளி தள்ளுகிற சத்தம் கேட்டது, ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறான் போலிருக்கிறது. போய் நின்றால் போதும், பதினொரு சிவப்பு என்று சொன்னால் போதும், என்றைக்கோ சொல்லியிருக்க வேண்டியது. சத்தம் நின்றது, மறுபடி தொடங்கியது. அவர் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, வழக்கம்போல மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.